பக்கத்து சீட்டுக்காரி

பஸ்ஸில் நன்றாக நித்திரை வரும் என்று யாராவது சொன்னால் நான் அவர்களை நம்புவதில்லை. ஒரு கோடை முழுக்க நான் பஸ்ஸில்தான் படுத்தேன். இரவு பத்து மணிக்கு ஒரு மைதானத்தில் மேளத்தைக் கழற்றிவிட்டு ஏறினால், விடியற்காலையில் இன்னொரு ஊரின் பள்ளிக்கூட வாசலில் இறக்கி விடுவார்கள். அங்கே ஜிம் தரையில் மூன்று மணித்தியாலம் படுத்து எழும்பி, வெயிலில் பயிற்சி, பின்னேரம் போட்டி, திரும்பவும் பஸ். ஐம்பது பேரின் ஈரக் காலுறையும் தசைப்பிடிப்புத் தைலமும் சேர்ந்த மணம் ஒன்று அந்த பஸ்ஸில் இருந்தது. கோடை முடிந்து வீட்டுக்கு வந்து தலையணை உறையைத் தோய்த்த பிறகும் அது போகவில்லை. அம்மா அதைக் குப்பையில் போட்டுவிட்டா.

நான் இருந்தது ஒரு ட்ரம் கோரில். அது பித்தளை ஊதுகுழல்களும் மேளங்களும் உள்ள பெரிய அணி. ஃபுட்போல் மைதானம் முழுக்க ஓடியபடி, வரிசை குலையாமல் வாசிக்க வேண்டும். இருபத்தொரு வயதோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது கடைசிக் கோடை. ஐந்து பெரிய மேளங்களில், சிறியதிலிருந்து எண்ண, மூன்றாவது என்னுடையது. தடதடவென்று ஓடுகிற ஒரு தொடரை நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு அடியாகப் பிரித்து அடிப்போம். கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள் அடித்த மாதிரி இருக்க வேண்டும். ஒருத்தர் கண்ணிமைக்கிற நேரம் பிந்தினாலும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

நாலாம் மேளம் அவளுடையது. என் அடி விழுந்தவுடன் விழ வேண்டியது அவளுடைய அடி.

அவள் ஈரோட்டுக்காரி. கனடாவுக்கு வந்து ஒஷாவாவில் ஒரு கல்லூரியில் படிப்பவள். ஊரில் பள்ளிக்கூட பாண்டில் மேளம் அடித்தவளாம். அணியில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். அதுதான் வினையாகிப் போனது. பஸ்ஸுக்கு யாருக்குப் பக்கத்தில் யார் என்று முதல் நாளே பட்டியல் போடுவார்கள், கோடை முடியும்வரை அதில் மாற்றம் கிடையாது. எங்கள் மனேஜர் நல்ல வெள்ளைக்காரி. இரண்டும் தமிழ், சந்தோஷமாகக் கதைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி எங்களை ஒரே சீட்டில் போட்டாள். நான் ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் வளர்ந்தவள், பெற்றோர் யாழ்ப்பாணம். அவளுக்கும் எனக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று அந்த மனிசி நினைத்தாளோ தெரியாது.

முதல் நாள் நான் வாயைத் திறந்து இரண்டு வசனம் பேசியிருப்பேன். அவள் சிரித்தாள்.

“உங்க தமிழ் கேட்டா மலையாளம் மாதிரியே இருக்கு. ஆனா க்யூட்டா இருக்கு.”

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போவதற்காக நான் தவறவிட்ட பிறந்தநாள் விழாக்களை அவளுக்குக் கணக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளோடு ஆங்கிலத்தில் பேசினேன். அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

இனி சண்டைக்கு வருகிறேன். இரண்டு சீட்டில் இரண்டு பேர் இருந்தபடி நித்திரை கொண்டால் காலையில் கழுத்து திரும்பாது. அதனால் எல்லாச் சோடிகளுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தர் இரண்டு சீட்டையும் எடுத்துக் கால் மடக்கிப் படுப்பார். மற்றவர் கீழே, நடைபாதைத் தரையில் ஸ்லீப்பிங் பாக் விரித்துப் படுப்பார். அடுத்த இரவு மாறவேண்டும். இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். அதை மீறுகிறவர்களை யாரும் மதிக்கமாட்டார்கள்.

அவள் மீறினாள். இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிட்டாள்.

“முதுகு பிடிச்சுக்கிச்சு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும், ப்ளீஸ்.”

ஒரு நாள் இரண்டாகி, மூன்றாகி, ஒரு கிழமையாகிவிட்டது. என்னுடைய மேளம் அவளுடையதைவிடச் சிறியது என்பதால் என் முதுகு நோகாது என்று அவளாகவே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் வெட்கம் கெட்டவள் மாதிரி விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். சீட்டுக்காகச் சண்டை பிடிக்கிற தமிழச்சிகள் என்று மற்றவர்கள் எல்லாரும் சிரிப்பார்களே என்ற பயம்தான். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. அதே இடத்தில் எங்கள் பக்கத்து ஸ்காபரோப் பெடியள் யாராவது இருந்திருந்தால் அவளைத் தலையணையோடு தூக்கிக் கீழே வைத்திருப்பார்கள்.

நடைபாதைத் தரையில் என்ஜின் சூடு முதுகில் ஏறும். இரவு டாய்லெட்டுக்குப் போகிறவன் என் கையை மிதித்துவிட்டு “சொறி” சொல்வான். இரண்டு மணித்தியால நித்திரையோடு மைதானத்தில் நின்றால் கை சொன்னபடி கேட்காது. என் அடி பிந்தத் தொடங்கியது. பயிற்றுநர் கண்டுபிடித்துவிட்டார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு நாள் சாப்பாட்டு வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்று, பாணில் ஜாம் பூசிக்கொண்டே சொன்னார். ரொறொன்ரோவில் நடக்கும் போட்டி அன்று காலைப் பயிற்சியில் என் அடியைக் கவனமாகக் கேட்பாராம். அதிலும் ஓட்டை விழுந்தால் மூன்றாம் மேளம் இன்னொருத்தருக்கு. மிச்சக் கோடைக்கு நான் மைதானத்து ஓரத்தில் நின்று தாளம் தட்டலாம்.

ரொறொன்ரோப் போட்டிக்கு அப்பா வருவதாக இருந்தார். அதற்கு முந்திய மூன்று கோடைகளிலும் அவர் வரவில்லை. பெட்டைப் பிள்ளை மேளம் அடிக்கிறதைப் பார்க்க வேலைக்கு லீவு போடுவதா என்று கேட்டவர், இந்த முறை தானாகவே லீவு போட்டிருந்தார். மூன்றாம் மேளத்தோடு நான் அவருக்கு முன்னால் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கப் பக்கத்தில் ஒரு போட்டி முடித்து, இரவோடு இரவாக எல்லை கடந்து ரொறொன்ரோ வர வேண்டும். முதல் நாளுக்குப் பிறகு அந்த இரவுதான் நான் அவளிடம் தமிழில் பேசினேன்.

“இண்டைக்கு என்ரை முறை. ஒரு கிழமையா என்ரை முறைதான். நாளைக்கு என்னைச் சோதிக்கப் போகினம் எண்டு உனக்குத் தெரியும். நீ கீழை படு.”

அவள் ஏற்கெனவே கால் நீட்டியாகிவிட்டது.

“நாளைக்கு கண்டிப்பா மாத்திக்கலாம். இன்னைக்கு நெஜமாவே முடியல.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். நான் கீழே படுத்தேன். கோபத்தில் பல்லைக் கடித்ததில் தாடை நோகத் தொடங்கியது.

எல்லைக்கு முக்கால் மணித்தியாலம் இருக்கும்போது பெற்றோல் அடிக்க ஒரு காஸ் ஸ்ரேசனில் பஸ் நின்றது. பத்து நிமிடம். பாதிப் பேர் இறங்கினார்கள். அவளும் என்னைத் தாண்டிக் குதித்து, செருப்பைக் கொளுவிக்கொண்டு போனாள். சீட்டின் காலில் செருப்புப் பையைக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். பை திறந்தபடி என் முகத்துக்கு நேரே தொங்கியது.

இனி ஆள் எண்ணுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பஸ்ஸில் யாரும் தனக்காகப் பதில் சொல்வதில்லை. மனேஜர் முன்னால் நின்று வரிசை வரிசையாக டோர்ச் அடிப்பாள். ஒவ்வொருத்தரும் தன் பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டு, ஆள் இருப்பதாக “ஹியர்” என்று சொல்ல வேண்டும். இரவில் ஒருத்தர் நித்திரையென்றால் சோடிக்கு ஒரு குரல் போதும். வராத ஆள் தான் வரவில்லை என்று சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். அதனால்தான் அந்த முறை. அந்த அணியில் நான் கண்ட ஒரே புத்திசாலித்தனமான ஏற்பாடு அது.

டோர்ச் வெளிச்சம் எங்கள் வரிசைக்கு வந்தது. சீட்டில் அவளுடைய ஸ்லீப்பிங் பாக் குவிந்து கிடந்தது. தூரத்தில் நிற்கிறவளுக்கு ஆள் படுத்திருப்பது போலத்தான் தெரியும். எனக்கு முன்னால் செருப்புப் பை வெறுமையாகத் தொங்கியது.

“ஹியர்” என்றேன்.

அரை நித்திரையில் சொன்னேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். பொய். நன்றாக முழித்திருந்தேன். பின் டாய்லெட்டில் இருப்பாள், வேறு யாருடைய சீட்டிலாவது இருப்பாள் என்று எனக்கு நானே இரண்டு கதை சொல்லிக்கொண்டேன். இரண்டையும் நான் நம்பவில்லை. கதவு மூடியது. பஸ் நெடுஞ்சாலையில் ஏறியது. நான் எழும்பி ஸ்லீப்பிங் பாக்கைத் தரையில் தள்ளிவிட்டு இரண்டு சீட்டிலும் படுத்தேன்.

ஜன்னலோரத்தில் அவளுடைய ஃபோன் சார்ஜில் கிடந்தது. தலைமாட்டில் இருந்த பைக்குள் அவளுடைய பாஸ்போர்ட், விசாக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. காசுகூட அதற்குள்தான். எல்லைக்கு வெளியே அந்நிய நாட்டில், ரீஷேர்ட்டோடும் செருப்போடும் அவளை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது எனக்குத் தெளிவாக விளங்கியது. எழும்பி நாலு அடி நடந்து மனேஜரின் தோளில் தட்டினால் போதும். என் கால் நீண்டு கிடந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு என் முழங்கால் நிமிர்ந்திருந்தது.

அப்போது ஃபோன் அதிரத் தொடங்கியது. தெரியாத இலக்கம், அமெரிக்க இலக்கம். யார் என்று யோசிக்கத் தேவையில்லை. அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே கனடா இலக்கம் அவளுடையதுதான். கடைக்காரனிடம் ஃபோன் வாங்கித் தன்னுடைய ஃபோனுக்கே அடிக்கிறாள். பக்கத்தில் நான் இருக்கிறேன், எடுப்பேன் என்று நம்பி அடிக்கிறாள்.

நின்றது. திரும்பவும் அடித்தது. மூன்றாம் முறை அடித்தபோது நான் ஃபோனின் சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு நித்திரையாகிவிட்டேன். அந்தக் கோடையில் நான் கொண்ட ஆக நல்ல நித்திரை அதுதான். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதிப் பிரயோசனம் இல்லை.

எல்லைச் சாவடி வரிசையில் பஸ் நின்றபோது விளக்கெல்லாம் போட்டார்கள். மனேஜர் பாஸ்போர்ட் சேர்க்க வந்தாள். என்னிடம் கை நீட்டினாள், பிறகு அவளைத் தேடினாள், தரையில் கிடந்த ஸ்லீப்பிங் பாக்கைக் காலால் தொட்டுப் பார்த்தாள். மனேஜரின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அவள் என்னிடம் கத்தவில்லை. “நீ ஹியர் என்றாயே” என்று மட்டும் கேட்டாள். நித்திரையில் இருந்தேன், பாக்கைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்றேன். நன்றாகவே நடித்தேன். பின்னால் இருந்த ஒருத்தி என் தோளை அணைத்து “பரவாயில்லை” என்றும் சொன்னாள்.

வரிசையிலிருந்து விலகி பஸ் திரும்பியது. அந்த முக்கால் மணித்தியாலம் முழுக்க யாரும் படுக்கவில்லை.

காஸ் ஸ்ரேசனின் வெளிச்சத்தில், ஐஸ் விற்கிற பெட்டிக்குப் பக்கத்தில், அவள் நிலத்தில் குந்தியிருந்தாள். அழுது முடித்த முகம். மனேஜர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவள் அந்தப் பிடிக்குள் நின்றபடியே பஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னில் நிறுத்தினாள்.

ஏறி வந்து சீட்டில் இருந்தாள். ஃபோனை எடுத்தாள். அது கவிழ்ந்து கிடந்தது. சத்தம் நிறுத்தப்பட்டிருந்தது. திரையில் மூன்று தவறிய அழைப்புகள் இருந்திருக்கும். நெடுநேரம் அதையே பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

“மூணு தடவை போட்டேன்.”

நான் தரையில் கிடந்த அவளுடைய ஸ்லீப்பிங் பாக்கை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“சொல்ல மாட்டேன், பயப்படாத. சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீ எங்கயும் போகக் கூடாது. சீசன் முடியிற வரைக்கும் என் பக்கத்துலயே உக்காந்திருக்கணும்.”

அவளைப் பற்றி எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான். பயமும் வந்தது.

ரொறொன்ரோவுக்கு நாங்கள் வந்து சேர நன்றாக விடிந்து பத்து மணியாகிவிட்டது. காலைப் பயிற்சிக்கு நேரம் இல்லை. பயிற்றுநர் என் அடியைக் கேட்கவேயில்லை. உள்ளவர்களை வைத்து வாசிப்போம் என்று சொல்லிவிட்டார். நான் செய்த வேலையால் எல்லாரும் நித்திரை கெட்டார்கள், எனக்கு மட்டும் மூன்றாம் மேளம் மிஞ்சியது. அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் எடுக்கவில்லை.

பின்னேரம் அப்பாவுக்கு முன்னால் அடித்தேன். என் அடி விழுந்த இடத்தில் அவள் அடி சரியாக விழுந்தது, மயிரளவும் பிசகவில்லை. அவள் வேண்டுமென்றே ஓட்டை விட்டு என்னைக் கெடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போட்டி முடிய, அப்பா ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு பஸ்ஸடிக்கு வந்தார். அவளுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

“நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கிறது எங்களுக்குப் பெரிய நிம்மதி, பிள்ளை. இவளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ.”

“ஆமா அங்கிள்” என்றாள், ரோலைக் கடித்துக்கொண்டே. “தினமும் எண்ணிப் பாத்துக்கிறேன்.”

அப்பா சிரித்தார். நல்ல பிள்ளை என்று வீட்டில் அம்மாவுக்கும் சொன்னாராம்.

அன்றிரவு அவள் கேட்காமலேயே ஸ்லீப்பிங் பாக்கைத் தரையில் விரித்தாள். “நீ மேல படு” என்றாள். மாறுவோம் என்று நான் சொன்னபோது பாக்கின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். அடுத்த இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும். மிச்சக் கோடை முழுக்க அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையில்தான் படுத்தாள். இரண்டு சீட்டும் எனக்குத்தான். நித்திரை மட்டும் வரவில்லை.

பஸ் எங்கே நின்று எடுத்தாலும் ஆள் எண்ணும்போது அவள் எழும்பி நிற்பாள். உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்து அழுத்துவாள். கழுத்து நோகிற அளவுக்கு அழுத்துவாள். அப்படி அழுத்திக்கொண்டே “ஹியர்” என்பாள், பஸ் முழுக்கக் கேட்க. மற்றவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். பின்னால் இருந்த பெடியள் சிலர் தாங்களும் அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். அவள் என்னோடு கதைத்தது அந்த ஒரு சொல்தான். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் அந்தக் கை வரும். நான் அவளை வெறுத்தேன். ஒரு முறை அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எடுத்துத் திரும்பவும் வைத்தாள்.

மன்னிப்புக் கேட்டாயா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. ஒவ்வொரு இரவும் கேட்க நினைப்பேன். கூடவே அந்த ஒரு கிழமைத் தரையும் ஞாபகத்துக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன். சீட்டு விஷயத்தில் பிழை அவளுடையதுதான். அதை இன்றைக்கும் சொல்வேன். ஃபோன் விஷயத்தில் பிழை யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில் எல்லாம் முடிந்து ரொறொன்ரோவுக்குத் திரும்பினோம். காலை வெயிலில், ஏறிய அதே கார் பார்க்கில் பஸ் வந்து நின்றது. வெளியே பெற்றோர்கள் கார்களோடு காத்து நின்றார்கள். அப்பாவின் வான் வண்டியும் நின்றது. கதவைத் திறக்கும் முன், கடைசியாக ஒரு முறை எண்ணுவோம் என்று மனேஜர் எழும்பினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு வரிசையாக “ஹியர்”, “ஹியர்” என்று வந்தது. எல்லாரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பக்கத்து ஆளைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்கள்.

எங்கள் முறை வந்தது. நான் அவளுடைய தோளைத் தொட்டேன். வேண்டுமென்றே, நன்றாகப் பார்த்துவிட்டு “ஹியர்” என்றேன். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்தேன். அந்தக் கை வரும், நோக நோக அழுத்தும் என்று என் கழுத்து தன்பாட்டில் காத்திருந்தது.

அவள் மடியில் பையை வைத்து, செருப்பைக் கொளுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

“ஹியர்” என்றாள், அங்கேயே பார்த்தபடி.

மனேஜர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். நான் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.